சிவப்பு வெளிச்சம் தின்ற நட்சத்திரம்

கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டும் என் தாய்மாமா ஒரு கிறிஸ்துமஸுக்கு, இருட்டில் பச்சையாக ஒளிரும் பிளாஸ்டிக் நட்சத்திரம் ஒன்றை வாங்கிவந்தார். ஒன்பது வயது எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு, இயேசு பிறந்த தொழுவம்போலக் குடில் ஜோடிப்போம். இருபத்துநாலாம் தேதி மாலை பங்குச் சாமியார் வந்து பார்த்துப் பரிசு சொல்லுவார். மூன்று வருடமாக எதிர்வீட்டுக்கே முதல் பரிசு. இந்த முறை விடுவதாக இல்லை.

"வெளிச்சத்தத் தின்னாத்தான் ஆத்தா, இது வெளிச்சத்தக் கக்கும். நல்லாத் தீனி போடு," என்றார் மாமா.

எந்த வெளிச்சம் என்று அவர் சொல்லவில்லை. கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் இரவும் பகலும் அணையாமல் எரிவது சிவப்பு விளக்கு. அதைவிடச் சக்தியான வெளிச்சம் உண்டா என்ன? வீட்டில் இயேசு படத்துக்கு முன்னால் எரிந்த சிவப்பு பல்பைக் கழற்றிக் குடிலுக்குள் மாட்டினேன். யாரும் பார்த்துக் காப்பியடிக்காமலிருக்கக் குடிலைக் கம்பளியால் மூடிவைப்பது வழக்கம். அதற்குள்ளே ஒரு ராத்திரி, ஒரு பகல் முழுக்க நட்சத்திரம் சிவப்பைத் தின்றது. நான் அவ்வப்போது வந்து, கம்பளிக்கு வெளியே நின்று, நல்லாத் தின்னு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மாலை சாமியார் வந்தார். எதிர்வீட்டுப் பையனும் கூடவே வந்தான். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் கம்பளியை இழுத்தேன். கும்மிருட்டு. நட்சத்திரம் எங்கே தொங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. பையன் சிரித்தான். எனக்கு அழுகை முட்டியது. காரணமும் உடனே புரிந்துபோனது: போன வாரம் எதிர்வீட்டுக்காரர் தோட்டத்தில் ஒரு கொத்து திராட்சையைத் திருடித் தின்றிருந்தேன்.

பக்கத்தில் நின்ற மாமா குடிலுக்குள் கையை விட்டு, நட்சத்திரத்தைத் தடவிப் பிடித்து, இரண்டு கைகளாலும் பொத்தி ஊதினார். கையை எடுத்ததும் பச்சைப்பசேலென்று எரிந்தது பாருங்கள், குழந்தை இயேசுவின் மூக்குவரை தெரிந்தது! நான் குதித்த குதியில் மண் ஆடு ஒன்றுக்குக் கால் ஒடிந்தது. முதல் பரிசு எங்களுக்குத்தான்.

கல்லூரியில் நான் இயற்பியல் படித்தபோதுதான் மாமா உண்மையைச் சொன்னார். கள்ளநோட்டு பார்க்கும் குட்டி ஊதா லைட் ஒன்று அவர் சாவிக்கொத்தில் தொங்கும்.

"பொத்துன கைக்குள்ள அத நாலு வாட்டி அமுக்குனேன், அம்புட்டுத்தான். நீ நாள் பூராப் போட்ட தீனி ஏன் சேரல?"

சேராது மாமா என்றேன். வெளிச்சம் துணுக்குத் துணுக்காகத்தான் வரும். நட்சத்திரத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் ஒரு நேரத்தில் ஒரு துணுக்கைத்தான் வாங்கும். அது மேலே ஏறி இறங்கினால்தான் பச்சை ஒளி வரும். சிவப்புத் துணுக்குக்கு அதை மேலே தூக்கப் பலம் போதாது. கோடி வந்தாலும் கூட்டிச் சேர்த்துவைக்க அதற்குத் தெரியாது. ஊதாவில் ஒன்றே போதும்.

இதெல்லாம் ஒன்பது வயதில் யாருக்குத் தெரியும்? அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்து வந்த சனிக்கிழமையே, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுத் திராட்சைக் கதையைச் சொல்லி அழுதேன். எலக்ட்ரான்கள் செய்த காரியத்துக்கு நான் பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொன்னேன். அடுத்த வருடம் முழுக்க எந்தத் திராட்சைத் தோட்டத்துப் பக்கமும் போகவில்லை. கிறிஸ்துமஸ் வந்ததும், சுத்தமான மனசோடு, அதே சிவப்பு பல்பை மாட்டினேன்.