ஞ-வுக்கு ஒரு மிருகம்

அன்று வகுப்பில் இருந்தது வாத்தியார், பிள்ளைகள் நாங்கள், வாசற்படியில் நின்றிருந்த, ஜட்கா வண்டி ஓட்டும் என் அப்பா. இன்று என் பேரனுடைய எழுத்து அட்டையில் ஞ-வுக்குப் போட்டிருந்த நாய்ப் படத்தைப் பார்த்ததும் அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

“கார்த்திகை தீபத்துக்கு சவாரி ஜாஸ்தி வரும் சார். பீஸ் கட்டிடறேங்க,” என்றார் அப்பா.

வாத்தியார் எங்கள் பக்கம் திரும்பினார். “ஞ-வுல ஒரு மிருகம் சொல்லிக் குடுத்தனே, இன்னாடா அது?”

“ஞமலி சார்!”

“அது இப்ப எங்க நிக்குது?”

எல்லாரும் வாசலைக் காட்டிச் சிரித்தார்கள். ஞமலி என்றால் நாய் என்று தெரியாத அப்பாவும் கும்பிட்டபடியே சிரித்தார்.

தீபம் முடிந்து அப்பா என்னிடம் பீஸை நீட்டியபோது, இனிப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றேன். அடித்தார். கடைசிவரை அவரிடம் நான் காரணம் சொல்லவில்லை. நாளைக்குப் பேரனை யார் என்ன கேட்பார்களோ, தெரியவில்லை.

செத்துப்போன அந்த வாத்தியார் எழுந்து வந்து கேட்டாலும் அந்தப் பீஸைக் கொடுக்க மாட்டேன். பாக்கி மூன்று ரூபாய்.