நன்றி சொல்லச் சொன்னவள் நான்

கொரோனா அடங்கி ஒரு வருடம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் முகப்பேரில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருந்தோம். என் கணவரின் வேலைக்காகக் கரூரிலிருந்து வந்தவர்கள். இரண்டாவது குழந்தை பிறந்தபோது நான் என் வேலையை விட்டிருந்தேன். அவளும் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பகலெல்லாம் வீடு வெறிச்சென்று இருந்தது. தெரிந்தவர் ஒருவர் மூலமாக அம்பத்தூர் ஓ.டி. அருகே ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் சேர்ந்தேன். மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இரண்டே அறைகள்தான் எங்கள் அலுவலகம்.

காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மாதம் ஒரு சத்துணவுப் பை கொடுப்பதுதான் அங்கே வேலை. மருந்தை அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நல்ல சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரைகளை உடம்பு தாங்காது. குமட்டல், தலைசுற்றல் என்று பாதியில் விட்டுவிடுவார்கள். அதனால் கடலை, பருப்பு, முட்டை, சத்துமாவு எல்லாம் போட்டு ஒரு பை. மொத்தமும் நன்கொடையாளர்களின் தயவில் நடந்தது. என் பொறுப்பு அந்த நன்கொடையாளர்கள்தான். அவர்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்புவது, பிறந்தநாளுக்கு வாழ்த்துவது, பொங்கலுக்கு ஒரு அட்டை. சுருக்கமாகச் சொன்னால், நன்றி சொல்வதற்காகவே வைக்கப்பட்ட ஆள் நான்.

கொரோனாவுக்குப் பிறகு நன்கொடை குறைந்துகொண்டே வந்தது. பலர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எத்தனை நாளைக்குத்தான் நானே நன்றி சொல்வது? பயன் பெற்றவர்களே சொன்னால் எப்படி இருக்கும்? ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வீடியோ எடுத்து நன்கொடையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். எங்கள் செயலாளர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், கொஞ்சம் தயங்கினார். "பார்த்துச் செய்ம்மா" என்று மட்டும் சொன்னார். நான் பார்த்துத்தான் செய்தேன், வெளிச்சம் சரியாக விழுகிறதா, சத்தம் தெளிவாகக் கேட்கிறதா என்று.

முதல் வீடியோவில் ஒரு ஆட்டோ ஓட்டுநர் பேசினார். குழு முழுக்கக் கைகூப்பும் படங்களும் இதயங்களுமாக நிறைந்துவிட்டன. நின்றுபோன இரண்டு பேர் மறுபடியும் தர ஆரம்பித்தார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாவதாக நான் தேர்ந்தெடுத்தது அந்த அம்மாவை. நாற்பது வயது இருக்கும். பாடிக்குப் பக்கத்தில் மண்ணூர்பேட்டையில் ஒற்றை அறை வீடு. கணவர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். முகப்பேரில் மூன்று வீடுகளில் சமையல் செய்தார். நோய் என்று தெரிந்ததும் வேலை செய்யும் வீடுகளில் மஞ்சள் காமாலை என்று சொல்லி இரண்டு மாதம் லீவு போட்டுவிட்டார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, இனி யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் திரும்பிப் போனார். பட்டினி கிடந்தாலும் அந்த இரண்டு மாதமும் ஒருவர் வீட்டு அடுப்படியிலும் அவர் கால் வைக்கவில்லை.

பை வாங்க வந்த அன்றே அவரை நிறுத்தி உட்கார வைத்தேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், இதுல என் மூஞ்சி தெரியுமா?"

"தெரியும்மா. முகம் தெரிஞ்சாதான் அவங்களுக்கு மனசுல படும்."

"இல்ல மேடம், நான் வேல செய்ற ஊட்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க. முந்தானைய இப்டி மூடிக்கினு பேசட்டா?"

நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. "இது நமக்கு உதவி செய்றவங்க குரூப்ல மட்டும்தான் போகும். எல்லாரும் ரொம்ப நல்லவங்கம்மா. உங்களுக்காகக் கொடுக்கிறவங்களுக்கு முகத்தை மறைச்சா நன்றி சொல்றது?"

அவர் முந்தானையிலிருந்து கையை எடுத்துவிட்டார். சத்துணவுப் பையை அப்போதுதான் வாங்கிக் காலடியில் வைத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு அவரால் எப்படி முடியாது என்று சொல்லியிருக்க முடியும்? அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

நன்றாகவே பேசினார். தாளில் இருந்ததை விட்டுவிட்டுத் தானாகவே பேசினார். தனக்கு டி.பி. வந்தது, மகள் முன்னால் இருமப் பயந்து வாசலில் படுத்தது, முட்டையைப் பாதியாக வெட்டி மகளுக்குக் கொடுத்துச் சாப்பிட்டது எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் கைகூப்பி, "நீங்கள்லாம் நல்லாருக்கணும்" என்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது. அன்று மத்தியானமே அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு போன். எங்களுக்கு முதலிலிருந்தே உதவி வருபவர்களில் ஒருவர், முகப்பேரில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

"நீங்க போட்ட வீடியோ பார்த்தேன். அவங்க எங்க அபார்ட்மெண்ட்லதாங்க சமைக்கிறாங்க. எங்க வீட்லயும் அவங்கதான்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம் மேடம்!" என்று சொன்னேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். தன் வீட்டுச் சமையல்காரருக்கே தன் உதவி போய்ச் சேர்ந்திருக்கிறதே, என்ன ஒரு பொருத்தம் என்று ஒரு நொடி நினைத்தேன்.

 அவர், "சந்தோஷமா? என் பொண்ணுக்கு அஞ்சு வயசுங்க" என்றார்.

 டாக்டர் சொன்னது, சளிப் பரிசோதனை, அந்த இரண்டு மாத லீவு என்று எல்லாவற்றையும் அவசரம் அவசரமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் முந்தின நாளே அந்த அம்மாவை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். மற்ற இரண்டு வீடுகளுக்கும் சொல்லியாயிற்று. சொல்லாமல் இருந்தால் தப்பில்லையா என்று என்னையே கேட்டார்.

அன்றே ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை எடுத்துக்கொண்டு அந்த நன்கொடையாளரின் வீட்டுக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. உட்கார வைத்துக் காபி கொடுத்தார். சீட்டை முழுவதும் படித்தார். பிறகு என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. நான் டொனேஷனை நிறுத்த மாட்டேன். பாவம், அவங்களுக்கு இன்னும் ரெண்டு பை சேர்த்துக்கூடக் கொடுங்க. ஆனா சமையலுக்கு வேண்டாம். அது வேற, இது வேற."

காபியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

வீடியோவைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "பார்த்தவங்க கண்லேர்ந்து அழிக்க முடியாதேம்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். அதற்குள் அது அந்தக் குடியிருப்பின் குழுவுக்குப் போய், அங்கே வேலை செய்யும் பெண்களின் போன்களுக்கு வந்து, மண்ணூர்பேட்டையில் அவர் தெருவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

நான்கைந்து நாள் கழித்து அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். மழை பெய்து தெரு முழுக்கத் தண்ணீர். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. மகள்தான் கதவைத் திறந்தாள்.

"அம்மா இல்ல."

நான் செருப்பைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். நகரவில்லை. "நீங்கதான அந்த வீடியோ எடுத்தது? ஊட்டுக்காரம்மா இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கூட டியூஷன் படிக்கிற பொண்ணுங்க என் பக்கத்துல உக்கார மாட்டேங்குதுங்க. போதுமா?"

உள்ளேயிருந்து, "உள்ள வரச் சொல்லுடி" என்று அந்த அம்மாவின் குரல் கேட்டது.

உள்ளே சாமான்களைப் பாதி மூட்டை கட்டியிருந்தார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"நான்தான் தப்பு பண்ணிட்டேம்மா. நீங்க கேட்டீங்க, நான் கேக்கல" என்றேன்.

"உட்ருங்க மேடம். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றார். அது மன்னிப்புப் போல இல்லை. பேச்சை முடிக்கச் சொன்னது போல இருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற தவிப்பில், "எங்க வீட்டுக்குச் சமைக்க வாங்களேம்மா. நாளைக்கே வாங்க" என்று சொன்னேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தார். "நெசமாவா மேடம்? நான் ஆக்குனா நீங்க சாப்புடுவீங்களா? உங்க புள்ளைங்களுக்குக் குடுப்பீங்களா?"

அவருக்குத் தொற்று இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தச் சீட்டைப் பத்து தடவையாவது படித்திருப்பேன். அதைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொருத்தர் வீட்டில் வாதாடியவள் நான். இருந்தும் "ம்" என்று சொல்ல எனக்கு ஒரு நொடி தாமதமாயிற்று. ஒரே ஒரு நொடி. என் சின்ன மகளின் தட்டு கண்முன் வந்து போய்விட்டது.

அந்த நொடியை அவர் பார்த்துவிட்டார். லேசாகச் சிரித்தார். "வாணாம் மேடம். மழ திரும்ப வர்றதுக்குள்ள கெளம்புங்க. பஸ் கெடைக்காது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பை வாங்க வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வேறொருவர் மூலம் அனுப்பிய பையும் திரும்பி வந்துவிட்டது. மருந்தையும் நிறுத்திவிட்டாரோ என்று பயந்து ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தேன். அங்கிருந்த நர்ஸ், "அதெல்லாம் கரெக்டா வந்து வாங்கிட்டுப் போறாங்க. ஆனா உங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். அவர் அதையும் சொல்லியிருக்கக் கூடாதுதான். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பார்.

மறு வருடம், எங்களிடம் பை வாங்க வந்த இன்னொரு பெண் சொல்லித்தான் மீதி தெரிந்தது. ஆவடியைத் தாண்டி எங்கோ குடிபோய்விட்டார்கள். நோய் முழுவதும் குணமாகிவிட்டது. ஏதோ ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை செய்கிறார். சமையலா என்று ஆசையாகக் கேட்டேன். "இல்ல மேடம், பாத்திரம் கழுவுது. சமையலுக்குக் கூப்ட்டாங்களாம். அதுதான் மாட்டேன்னுடுச்சாம்" என்றாள். மகள் பன்னிரண்டாவது முடித்தாளா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது. தேடிப் போகலாம்தான். போனால் அவருடைய புதுத் தெருவிலும் யாராவது இவர் யார், ஏன் வந்தார் என்று கேட்பார்கள். அதை நினைத்துத்தான் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி உண்மை அது. மீதிப் பாதி, அவர் கண்ணை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் இன்னும் அதே மாடியில்தான் வேலை செய்கிறேன். வீடியோ எடுப்பதை அன்றோடு நிறுத்திவிட்டோம். யாருடைய முகமும் பெயரும் தெருவும் இப்போது எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போவதில்லை. இத்தனை பேர் மருந்தை முடித்தார்கள், உங்கள் உதவிக்கு நன்றி என்று நானே கைப்பட எழுதி அனுப்புகிறேன். வெறும் கடிதம்தானா என்று சிலர் கேட்டார்கள். சிலர் நின்றும் போனார்கள். அந்த முகப்பேர்ப் பெண்மணி நிற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அவருக்கும் எழுதுகிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் வாயால் சொன்னதைத்தான் நான் ஒரு நொடி சொல்லாமல் சொன்னேன்.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய கடமை என்னுடையது. அதை, வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாத ஒருவர் தலையில் ஏற்றினேன் என்ற எண்ணம் உறுத்தாமல் இன்றுவரை ஒரு நன்றிக் கடிதத்தைக்கூட என்னால் எழுதி முடிக்க முடிந்ததில்லை.