ஏணைக் கொக்கி வைத்த கோயில்

பழைய கட்டடங்களை அளக்கிற தொழிலில் டேப்பின் பூஜ்ஜிய முனையைப் பிடிக்கிறவர் சுவரைப் பார்த்தபடியே நிற்கலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று நம்பித்தான் நான் அதில் சேர்ந்தேன். கூச்சத்தோடு பிறந்து, பட்டமும் வாங்கி, கடைசியில் ஊர் சுற்றுகிற வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

எண்பதுகளில் நடந்தது இது. எங்கள் முதலாளி செட்டியார் வீட்டுப் பிள்ளை, வெளிநாட்டில் கட்டடக்கலை படித்தவர். கோலாலம்பூரிலும் கிள்ளான் பக்கத்திலும் பார்க்கத் தகுந்த தேவாலயங்களையும் கோயில்களையும் படத்தோடும் பிளானோடும் ஒரு புத்தகமாகப் போட ஆசைப்பட்டார். குணா அண்ணன் வேன் ஓட்டுவார், படம் எடுப்பார், டேப்பின் மறுமுனையைப் பிடிப்பார். பூஜ்ஜியம் நான். அந்தப் புத்தகத்தில் வந்த கட்டடங்களை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வராத ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரோடு எந்தப் பக்கம்?

முதலில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குத் தெரிந்த தேவாலயம்தான், ஆனால் அதுவரை உள்ளே போனதில்லை. நாங்கள் முருகன் கோயிலுக்குப் போகிற குடும்பம். வெளியே வெயில் கொளுத்தியது; உள்ளே மண்பானைத் தண்ணீர் மாதிரி ஒரு குளிர்ச்சி. சூடெல்லாம் செங்குத்தான கூரைக்கு ஏறிவிடுகிறது என்று குணா அண்ணன் மேலே கை காட்டினார்.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், டேப்பைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். புத்தகத்துக்காக அளக்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் எழுவதற்குள் அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த வருஷங்களில் டேப்போடு வந்தவர்கள் எல்லாரும் எதையாவது இடிக்கத்தான் வந்தார்கள். அவர் கேட்டது இவ்வளவுதான்: "சொல்லிடும்மா, ரோடு எந்தப் பக்கம் வருது?"

சின்ன வாசல்

கிள்ளானில் உயரமான மாதா கோயில் ஒன்று. கூர்மையான வளைவுகள், வண்ணக் கண்ணாடி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய கோபுரம். முன்வாசலில் சாரம் கட்டிப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. நாங்கள் பக்கவாசலை அளந்து முடித்த நேரம், ஒரு சாவு ஊர்வலம் வந்து நின்றது.

பெட்டியைத் தோளில் தாங்கியிருந்தவர்கள் பக்கவாசலைப் பார்த்துத் தயங்கினார்கள். ஒருவர் என் கையிலிருந்த டேப்பைக் கவனித்துவிட்டு, "தங்கச்சி, போவுமா?" என்றார். எத்தனையோ கண்கள் என்மேல். "போகும்ண்ணே, ஆனா தோள்லேர்ந்து எறக்கிடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டது. உள்ளே கொண்டுபோன பிறகு இறந்தவரின் தம்பி என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "எங்கண்ணன் நல்ல ஒசரம். இந்த வாசல்ல எப்பவும் குனிஞ்சுதான் வருவாரு. இன்னிக்கு நாங்க குனிஞ்சோம்."

கொக்கிகள்

பந்திங் பக்கம் ஒரு தோட்டம். நாங்கள் தேடிப் போனது வேறு கோயில். வேன் சூடேறி நின்றதால்தான் எண்ணெய் எடுக்கிற செம்பனைகளுக்கு நடுவே அந்த அந்தோணியார் கோயிலைப் பார்த்தோம். பலகைச் சுவர், தகரக் கூரை, சிலுவை மட்டும் வெள்ளையாக. சாவி லூர்துமேரி அக்காவிடம் இருந்தது. ஐம்பது வயதிருக்கும், காலையில் செம்பனைப் பழம் பொறுக்கிவிட்டு மத்தியானம் கோயிலைக் கூட்டுகிறவர்.

உள்ளே பின்பக்க உத்திரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அக்கா சிரித்தார். செம்பனைக்கு முன்னால் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் பெண்கள் வேலை முடிந்து நேராகப் பூசைக்கு வருவார்களாம். பிள்ளைகளை விட்டுவர ஆள் கிடையாது. கொக்கியில் சேலையால் ஏணை கட்டி, பிள்ளையைப் போட்டு ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறுகையில் ஜெபமாலை உருட்டுவார்களாம். அக்காவின் நான்கு பிள்ளைகளும் ஓரக் கொக்கியில் தூங்கியவர்கள். எத்தனையோ பெரிய கோயில்களை அளந்துவிட்டோம். எதிலும் தாய்மாரை நினைத்து ஓர் ஆணிகூட அடித்திருக்கவில்லை.

நிலத்தை விற்றாகிவிட்டது, வீடு கட்டப் போகிறார்கள் என்று அக்கா மெதுவாகச் சொன்னார். குணா அண்ணனுக்கு யாருடைய முகம் வாடினாலும் தாங்காது. "புக்குல வந்துட்டா நாலு பேரு பாக்க வருவாங்க லா. அப்புறம் எவன் கைய வப்பான்?" என்றார். அக்கா உடனே விளக்குமாற்றை எடுத்துப் போய் வாசலை இன்னொரு தடவை கூட்டினார். கூட்டி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னொரு வாட்டி அளந்துக்கம்மா. தப்பா எழுதிட்டா இது எங்க கோயிலுன்னு தெரியாமப் போயிடும்ல?"

என்னத்தைப் பார்ப்பான்?

முதலாளி கெட்டவர் இல்லை. என் பிளானை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். வளைவு இல்லை, கோபுரம் இல்லை, கண்ணாடி இல்லை, கட்டியவர் யாரென்றும் தெரியாது என்றார். நான் கொக்கிகளைச் சொன்னேன். சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. புத்தகத்தில் வந்தால் அதை இடிக்கத் தயங்குவார்கள் என்றும் சொல்லிவிட்டேன், காது சூடாகிவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு புத்தகம் எதையும் நிறுத்தாது, அப்படி நம்பிக்கை கொடுக்கக்கூடாது என்றார். பக்கத்தில் நின்ற குணா அண்ணன் தரையைப் பார்த்தார். பிளானைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு முதலாளி சொன்னார்: "கதை நல்லாத்தான்மா இருக்கு. அவ்ளோ தூரம் பெட்ரோல் போட்டு வர்றவன், அங்க என்னத்தப் பாப்பான்?"

டேப்போடு வரச் சொல்லுங்கள்

புத்தகம் அழகாக வந்தது. கதவைத் திறந்துவிட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்புவது முதலாளியின் வழக்கம். அவர் மரியாதையாகத்தான் நினைத்தார். லூர்துமேரி அக்காவுக்கும் ஒன்று போயிருக்கிறது. எனக்குத் தெரிந்தபோது தபால் போய்விட்டது.

கொஞ்ச மாதம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு போன். பந்திங்கில் ஒரு கடையிலிருந்து லூர்துமேரி அக்காவுக்காகப் பேசினார்கள்: அந்த அளக்கிற பொண்ண டேப்போட வரச் சொல்லுங்க. டேப்பைக் கண்டு பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வா என்று கூப்பிட்டவர் அக்கா ஒருவர்தான். குணா அண்ணன் வேனை எடுத்தார். கோயில் இருந்த இடத்தில் செம்மண்ணும் கம்பி வேலியும்.

அக்கா இப்போது ஒரு மலிவுவிலை அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் அந்தோணியார், அவர் காலடியில் எங்கள் புத்தகம். குணா அண்ணன் மன்னிப்புக் கேட்கப் போனார், அக்கா விடவில்லை. "நீ என்ன பண்ணுவே, தம்பி?" என்றவர் என்னைப் பார்த்து, "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. பக்கம் பக்கமா பொரட்டிப் பாத்தேன். ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சோ, அதுக்குள்ள இருக்குமோன்னு பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன்" என்றார்.

ஹாலின் அளவு

எதற்குக் கூப்பிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு மைலோ டின்னைக் கவிழ்த்தார். கொக்கிகள். இடிப்பதற்கு முன்பே மகனை ஏணியில் ஏற்றிக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் இந்த ஹாலில் ஜெபமாலை சொல்லப்போகிறார்களாம். கூரையில் கொக்கி மாட்ட வேண்டும். ஏணை ஆடினால் சுவரில் இடிக்கக்கூடாது. "எத்தன மாட்டலாம், அளந்து சொல்லு."

நான் பூஜ்ஜிய முனையைச் சுவரில் வைத்தேன். மறுமுனையை அக்காவே பிடித்துக்கொண்டார். அப்படிப் போட்டும் இப்படிப் போட்டும் பார்த்தேன், அளவு கூடவில்லை. சோபாவை ஒதுக்கினால் இரண்டு மாட்டலாம் என்றேன். குணா அண்ணன் கீழே யாரிடமோ டிரில் இரவல் வாங்கி வந்தார். அடுக்குமாடிக் கூரையை நாங்களாகவே துளைத்ததைக் கேள்விப்பட்டிருந்தால் முதலாளி பதறியிருப்பார். ஆனாலும் கொக்கிகள் நேராக உட்கார்ந்தன. அக்கா கொக்கியில் தன் சேலை ஒன்றைக் கட்டி, ஒன்றுமில்லாத ஏணையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். அது எங்கும் இடிக்கவில்லை.

மிச்சக் கொக்கிகளை டின்னில் போட்டு மூடியபடி சொன்னார்: "ரெண்டு போதும்மா. தோட்டத்துச் சனம் ஆளுக்கொரு தெசையா, செமினி, ஸ்ரீ கெம்பாங்கான்னு போயிட்டாங்க. கைப்பிள்ளையோட வர்றது ரெண்டே பேருதான்."

கிள்ளான் பக்கம் பார்க்கத் தகுந்த கோயில் எது என்று கேட்கிறவர்களுக்கு நான் இன்றைக்கும் புத்தகத்தைத்தான் நீட்டுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல நினைக்கிற இடத்துக்கு நாலு மாடி ஏறிப் போனால் கூரையில் இரண்டு கொக்கிகளைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை.