கரை ஏறும்வரை சோறில்லை

சாப்பிடாமல் கிடந்த லோகநாயகியை என் அறைக்கு அழைத்து வந்தபோது முதலில் நாக்கைப் பார்த்தேன். பிறகு கண் இமை, வயிறு. எல்லாம் நன்றாகவே இருந்தன. உடம்பில் ஒன்றுமில்லாத பெண் சாப்பிடவில்லையென்றால் அது காதல்தான் என்று விடுதியில் முடிவு கட்டிவிடுவார்கள். கட்டியும் விட்டார்கள். பையனுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது.

அது 1963. சிதம்பரத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் நான் நர்ஸ். லோகநாயகி பி.ஏ. இரண்டாம் ஆண்டு. கடலூர்ப் பக்கம் கடலோரக் குப்பம். அப்பாவுக்குக் கட்டுமரம், அம்மா செல்லாயிக்கு மீன் கூடை. அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். சாம்பாரில் காய் பிடிக்க வலை வேண்டும் என்று சமையற்காரர் கோவிந்தசாமியிடமே சொல்லுவாள். சொல்லிவிட்டு மறுசோறும் வாங்குவாள். அப்படிப்பட்டவள் பட்டினி கிடந்தால் செய்திதானே?

"காதலா?" என்றேன்.

"ஐயே, போங்க சிஸ்டர்."

கையோடு கொண்டுவந்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். நூலகத்து ஆங்கிலப் புத்தகம். ஹிட்லரின் வதைமுகாமில் கிடந்து பிழைத்த ஒரு யூதப் பெண் எழுதிய சொந்தக் கதை. கடைசிப் பக்கங்களுக்குச் சற்று முன்னால் ஒரு சிவப்பு ரிப்பன் செருகியிருந்தது.

"இவளும் தங்கச்சியும் முகாம்ல கெடக்குறாங்க சிஸ்டர். தங்கச்சிக்குக் காய்ச்சல். தின்ன ஒரு துண்டு ரொட்டிதான். இவுங்க வெளிய வராம நான் எப்புடிச் சாப்புடுறது?"

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். கடலுக்குப் போன மரம் திரும்ப நேரமானால், அது கரை ஏறும்வரை பெண்கள் சாப்பிட மாட்டார்கள், தலை வாரவும் மாட்டார்கள். அப்போதுதான் அவள் தலையைக் கவனித்தேன். காக்கைக் கூடு.

"சரி, மீதியப் படிச்சு முடிச்சுட்டுச் சாப்புடு."

"படிக்கப் பயமா இருக்கே!"

"அவ பொழைச்சதாலதானே புத்தகம் எழுதுனா?"

"அவ சரி. தங்கச்சி?"

இதுதான் நோய். படித்தால்தான் அவர்கள் கரை ஏறுவார்கள், ஏறினால்தான் இவள் சாப்பிடுவாள். இவளோ அந்த ரிப்பனைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். என் பயிற்சியில் இதற்கு மருந்து சொல்லித் தரவில்லை. குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன். மரம் கடலில் இருக்கும்போது தண்ணீர் குடிக்கலாமாம். வழக்கத்தில் அந்த மட்டுக்காவது புத்தி இருந்தது.

வார்டன் சௌந்தரம் அம்மாளுக்குப் பொறுமை கிடையாது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு இவள் கை நனைக்காவிட்டால் பெட்டியோடு அழைத்துப் போகும்படி செல்லாயிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். போனால் திரும்பி வர மாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். தாய்மாமன் மகன் பொன்னுரங்கம் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை ரயிலில் செல்லாயி கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து இறங்கினாள். வார்டன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாருடி அவன்?" என்று ஆரம்பித்தாள் செல்லாயி.

"அவன் இல்லம்மா. அவ."

செல்லாயி திகைத்து என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மகளுக்கு அறை விழும் என்று நினைத்துக் கிட்டேயே நின்றேன்.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேருமா? ஆத்தாக்காரி எங்கடி?"

"போன அன்னிக்கே கொன்னுட்டாங்கம்மா."

செல்லாயி வராந்தாவில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கோவிந்தசாமி கொண்டுவந்த இட்லித் தட்டைத் தள்ளினாள். "எப்புடிய்யா எறங்கும்? புள்ளைங்க கரை ஏறலியே."

இப்போது பட்டினி நோயாளிகள் இரண்டு பேர்.

"ஏம்மா, நீ பொண்ண அழைச்சுட்டுப் போகத்தானே வந்தே?" என்றேன்.

"அத்த அப்புறம் பாக்கலாம் நர்சம்மா. எனக்குப் பசிக்குது. படிடீ!"

"பயமா இருக்கும்மா."

"உங்கப்பன் மரம் வரலன்னா பயமா இருக்குன்னு வூட்டுல படுத்துக்குவியா? கரைக்குப் போயிதானடி பாப்ப? படி."

லோகநாயகி ரிப்பனை உருவினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, குப்பத்துத் தமிழில் ஒரு வரி. கோவிந்தசாமி கரண்டியோடு வந்து நின்றார். காதல் கதை கட்டிய பெண்களும் வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். முகாம் காவலர்களைச் செல்லாயி ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. சில வசவுகள் எனக்கே புதிது.

முகாமின் கதவு திறப்பதற்குச் சற்று முன்னால் தங்கை செத்துப்போனாள். லோகநாயகியின் குரல் நின்றது.

"மேல படி," என்றாள் செல்லாயி, மூக்கைச் சிந்திக்கொண்டு. "பெரியவ இன்னும் உள்ளதான் கெடக்குறா."

அழுதுகொண்டே படித்தாள். பெரியவள் எலும்பும் தோலுமாக வெளியே வந்தாள். மீட்க வந்த சிப்பாய் ஒருவன் டப்பா இறைச்சியைத் திறந்து நீட்டினான்.

"காஞ்ச வயித்துக்கு அத்தனையும் குடுத்துடாதடா, செத்துடுவா!" என்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். என் சத்தம்தான்.

அவள் கொஞ்சம்தான் தின்றாள். பிழைத்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. செல்லாயி தன் தலையை முடிந்து, மகளின் தலையையும் முடிந்துவிட்டாள். பிறகு இலையில் சோறும் கருவாடும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

"அந்தத் தங்கச்சி பேரு என்னாடி?"

"எஸ்தர்."

"எஸ்தரு! வந்து சாப்புடும்மா!" என்று காக்கையைக் கூப்பிட்டாள். காக்கை வந்தது. கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது; விடுதிச் சோற்றைத் தொடவில்லை. லோகநாயகி கோவிந்தசாமியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஆள் தேறிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பெட்டிய எடுக்கணுமாம்மா?" என்றாள் மெதுவாக.

"எதுக்கு? பொன்னுரங்கம் இங்கிலீசு பொஸ்தவம் படிச்சுச் சொல்லுவானா? அவன் காத்துக்கெடக்கட்டும். அடுத்த தபா எல்லாரும் கரை ஏறுற கதையா எடுடி. என் வயித்துக்குத் தாங்காது."

பட்டினி கிடந்தவளுக்கு முதலில் கஞ்சி மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வார்டன் பார்த்துக்கொண்டிருக்க, லோகநாயகி மறுசோறு வாங்கினாள். அம்மாவும் வாங்கினாள்.