அறுப்பின் பண்டிகையில் நான் எடுத்த ஹாட்கேஸ்

எண்பதுகளில் தாராவியில் எங்கள் தமிழ்ச் சபையும் அறுப்பின் பண்டிகை கொண்டாடும். அறுக்க வயலேது? மாஹிம் ஓடையிலா நாற்று நடுவது? ஊரில் நெல்லும் பூசணியும் காணிக்கையாக வந்த இடத்தில், இங்கே பிளாஸ்டிக் வாளி, டிபன் கேரியர், மேஜை விசிறி என்று வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள்.

அந்த வருஷம் பீடத்துக்கு முன்னால், சப்பாத்தி சூடு ஆறாமல் வைக்கிற ஆரஞ்சு நிற ஹாட்கேஸ் ஒன்று சிவப்பு ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தது. போதகர் பொருளாசையைப் பற்றித்தான் பிரசங்கித்தார். நான் கண்ணை மூடி, வேறு எவனும் அதைக் கேட்டுவிடக் கூடாது என்று உருக்கமாக ஜெபித்தேன்.

ஏலத்தில் முலுண்டிலிருந்து வந்த பேங்க்காரர் ஒருவர் போட்டிக்கு வந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி இரண்டு கைகளையும் ஆட்டினாள். விட்டுவிடாதீர்கள் என்கிறாள் என்று நினைத்து விலையை ஏற்றினேன். அவள் எழுந்து நின்று ஆட்டினாள். நானும் எழுந்து நின்று இன்னும் ஏற்றினேன். மூன்றாம் தரம் சொன்னதும் சபையே கை தட்டியது.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். உள்ளே எங்கள் கல்யாணத்துக்கு யாரோ எழுதிய வாழ்த்து அட்டை.

“நம்ம பரண்ல மூணு வருஷமா பிரிக்காம கெடந்ததுல்லா அத்தான் இது? கோயிலுக்குக் குடுக்கட்டுமான்னு கேட்டப்ப, ‘அந்தக் குப்பைய எடுத்துட்டுப் போ’ன்னு நீங்கதான சொன்னீய!”