கடித்த நாய்க்குப் பொறுப்பாளி

சின்னவள் தன் வாழ்நாளில் போராடி ஜெயித்தவை இவை. அப்பாவின் பெல்ட்டுக்குத் தப்பி உயிரோடு வளர்ந்தது. முதல் வகுப்பில் காதைத் திருகிய வாத்தியாரின் மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்து, அதற்காகப் பள்ளிக்கூடத்தைவிட்டே துரத்தப்பட்டும், யாரிடமும் கையேந்தாமல் பிழைத்தது. தாடையைப் பெயர்த்த புருஷனை, பெயர்ந்த தாடையோடு அன்றைக்கே விட்டுவிட்டு வந்தது. அவன் திரும்ப வாசலில் வந்து நின்றபோது, கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தைக் காட்டியே தெருமுனைவரை ஓடவைத்தது. "பொம்பளையால பெரிய நாயெல்லாம் பிடிக்க முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பிய நாய்க் காப்பகத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, பெரிய நாய்களின் கூண்டு வரிசை முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பின்பக்கம் சிறிய முற்றம் வைத்த ஒரு வாடகை அறை. இத்தனையும் எழுதப் படிக்கத் தெரியாமல். எட்டாவது வரை படித்துவிட்டுத் தையல் மெஷினே கதியென்று உட்கார்ந்திருக்கும் அவளுடைய அக்கா இதில் பாதிகூட ஜெயித்ததில்லை.

இவற்றோடு ஒரு நாயையும் ஜெயித்தாள். அதற்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

அந்த நாயைக் கிழிசல் என்று கூப்பிட்டார்கள். பந்தயம் கட்டி நாய்களை மோதவிடும் ஒரு கிடங்கிலிருந்து போலீஸோடு போய் மீட்டு வந்தது. ஒரு காது பாதிதான் இருந்தது. மேலுதடு கிழிந்து ஆறியதால் ஒரு பக்கத்துப் பல் எப்போதும் வெளியே தெரியும். வந்த புதிதில் கம்பி வலையைக் கடித்துத் தன் ஈறையே பிய்த்துக்கொண்டது. சின்னவள் தினமும் கூண்டுக்குள் போய், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய துணிகளைக் கிழித்து நாய்களுக்குப் படுக்கை தைத்தாள். முதுகுக்குப் பின்னால் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மழைநாளில் உறுமல் நின்று, அவள் தோள்மேல் ஈரமாக ஒரு மூக்கு வந்து பட்டது.

"அது உன்னை ருசி பாக்குதுடி" என்றார் காப்பகத்தின் வேன்காரர்.

"பாக்கட்டும். என் உடம்புல ருசியா என்ன இருக்கு, வெறும் எலும்பு" என்றாள் இவள்.

பிறகு பஞ்சு என்ற வெள்ளைக் குட்டை நாயை அதோடு சேர்த்து விட்டார்கள். இரண்டும் குளிர்காலம் முழுக்க ஒன்றின்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கின. பஞ்சுவைத் தத்தெடுக்க ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டும் போனது. கிழிசலை யாரும் கேட்கவில்லை. வருகிறவர்கள் அதன் பல்லைப் பார்த்ததும் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

கோடை வந்தது. தகரக் கூரைக்குக் கீழே காப்பகம் அடுப்பாகக் காய்ந்தது. சின்னவள் சாக்குகளை நனைத்துக் கூண்டுகளின் மேல் போர்த்தினாள். நாய்களை முற்றத்தில் விடுமுன் செருப்பைக் கழற்றித் தன் உள்ளங்காலைச் சிமெண்டில் வைத்துப் பார்ப்பாள். தனக்குச் சுட்டால் அவற்றுக்கும் சுடும். நாக்கைத் தொங்கப்போட்டுத் தள்ளாடும் நாய்க்கு வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் விட்டு, விசிறி முன்னால் கிடத்துவாள். ஐஸ்கட்டி கொடுப்பதற்கும் அவளே ஒரு முறை வகுத்து வைத்திருந்தாள். வெறும் தண்ணீர் ஐஸ் என்றால் பொதுத் தொட்டியில் போடலாம். எலும்பு வேகவைத்த சாற்றை உறையவைத்தது என்றால் தனித்தனிக் கிண்ணத்தில், தனித்தனிக் கூண்டில்தான்.

அந்த முறையை மீறியதும் அவள்தான். அன்றைக்கு வெயிலில் ஒரு கிழட்டு நாய் செத்துப்போனது. அதைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, மற்றவை குளிர்ந்தால் போதும் என்ற அவசரத்தில், சாற்றுக் கட்டி ஒன்றை உடைக்காமல் முழுசாகத் தூக்கிக் கிழிசலும் பஞ்சுவும் இருந்த கூண்டின் தொட்டியில் போட்டாள். குளிர்காலம் முழுக்கத் தகராறு இல்லாத ஜோடிதானே என்று நினைத்தாள்.

பஞ்சுதான் முதலில் சீறியது. அடுத்த நொடி அதன் கழுத்து கிழிசலின் வாய்க்குள் இருந்தது. வெள்ளை மயிர் சிவந்தது. பஞ்சுவின் கத்தல் பிறகு வெறும் காற்றானது. சின்னவள் பாய்ந்து கிழிசலின் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் இழுத்தாள். அதுதான் சரியான முறை. ஆனால் பஞ்சுவும் சேர்ந்தே இழுபட்டது. அதன் கண் செருகுவதைப் பார்த்ததும், இத்தனை வருஷமாக மற்றவர்களைச் செய்யவிடாமல் தடுத்துவந்த காரியத்தைத் தானே செய்தாள். வலது கையைக் கிழிசலின் வாய்க்குள் விட்டுத் தாடையைப் பிளந்தாள். பஞ்சு கீழே விழுந்தது. தாடை திரும்ப மூடியபோது, பச்சைக் கேரட் முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

கிழிசல் வாயைத் திறந்து பின்வாங்கியது. மூலையில் போய்ச் சுருண்டு அவளையே பார்த்தது. வலது கைக் கட்டைவிரல் இருந்த இடத்தில் ரத்தம் குழாய்போல் பீய்ச்சியது. அவள் மணிக்கட்டை மறுகையால் நெரித்துக்கொண்டு கத்தினாள்: "முதல்ல பஞ்சுவைத் தூக்குங்க!"

வேன்காரர் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவி விரலைக் கண்டெடுத்தார். மிச்சமிருந்த அதே ஐஸில் பொதிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விரல் நசுங்கிவிட்டது, ஒட்டவைக்க முடியாது என்றார்கள். மீதி எலும்பையும் ராவித் தைத்து அனுப்பினார்கள்.

அக்கா அலறியடித்துக்கொண்டு வந்தாள். "அந்தச் சனியனை இன்னுமா உயிரோட விட்டு வெச்சிருக்காங்க?"

"சும்மா இரு அக்கா. கட்டியைப் போட்டது நான். வாய்க்குள்ள கையை விட்டதும் நான். செத்துப்போறது மட்டும் அதுவா?"

காப்பகத்தில் அது முடிவாகியே இருந்தது. ஆளை ஊனமாக்கிய நாயைக் கண்காணிப்பு நாள் முடிகிறவரை தனியாக வைப்பார்கள். வெறி இல்லையென்று தெரிந்த பிறகு ஊசி போட்டுவிடுவார்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு: நாயைக் கையாளத் தெரிந்த ஒருவர் முழுப் பொறுப்பையும் ஏற்று, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"நான் வெச்சுக்கிறேன் சார்" என்றாள் சின்னவள், கட்டுப் போட்ட கையோடு மேனேஜர் முன்னால் நின்று. "இடது கை விரல் இருக்கே, உருட்டி எடுத்துக்குங்க."

மேனேஜர் கெட்டவர் அல்ல. தலையைச் சொறிந்தார். "கைநாட்டு இங்க செல்லாதும்மா. முன்னாடி ஒருத்தர் கைநாட்டு வெச்சு நாயைக் கூட்டிட்டுப் போனார். அது பக்கத்து வீட்டுப் பையனைக் குதறிடுச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது, என்னத்துல விரலை வெச்சேன்னே தெரியாதுன்னு கையை விரிச்சிட்டார். அதிலிருந்து கையெழுத்து இல்லாம ஒரு நாயும் வெளிய போறதில்ல. நான் மாத்த முடியாது."

"நான் போடுறேன் கையெழுத்து" என்றாள் அக்கா.

"நீயா? தெருவுல நாய் குரைச்சா கட்டில் மேல ஏறி நிக்கிறவ. கிழிசலைப் பிடிச்சு நாலடி நட, பாக்கலாம்."

அக்கா ஜன்னல் வழியாகக் கிழிசலைப் பார்த்தாள். கிழிசல் பல்லைக் காட்டிக்கொண்டு பார்த்தது. அக்கா ஜன்னலைச் சாத்தினாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் சின்னவளின் மூன்றெழுத்து நிஜப் பெயரை நர்ஸ் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். அந்தச் சீட்டைக் கல்லுக்கடியில் வைத்துக்கொண்டு, கிழிசலின் தனிக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, இடது ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்துச் சிமெண்டில் எழுதிப் பார்த்தாள். சுடுகிற தரையில் கடைசி எழுத்துக்கு வருமுன் முதல் எழுத்து காய்ந்து மறைந்துவிடும். மறைகிறதற்குள் முடிக்க வேண்டும் என்று வேகமாக எழுதினாள். கொம்பு கோணியது. சுழி அவிழ்ந்துபோய் ஓடியது.

"இதென்னடி, புழு நெளியுது" என்றார் பக்கத்தில் வந்து நின்ற வேன்காரர். கழுத்தெல்லாம் தையலோடு பஞ்சு அவர் தோளில் கிடந்தது. தத்தெடுக்க வந்த குடும்பம் பின்வாங்கிவிட்டதால், ஆறுகிறவரை தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக அவர்தான் வாங்கிப் போயிருந்தார். ஆறிய பிறகு திருப்பிக் கொடுக்கிற உத்தேசம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"புழுவோ பாம்போ, அதான் என் பேரு. போய் வேலையைப் பாருங்க."

கண்காணிப்பு முடிய இருந்த நாளில், உச்சி வெயிலில், ஆட்கள் எல்லாம் பின்கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கிழிசலின் பழைய சொந்தக்காரன் வந்தான். மணிக்கட்டில் நாய்ச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டே திரிவதால் அவனைச் சங்கிலிக்காரன் என்பார்கள். அபராதம் கட்டி வெளியே வந்திருந்தான். விரல் போன செய்தி அவன் காதுக்கும் போயிருந்தது.

"விரலைத் துண்டாவே எடுத்துடுச்சாமே? என் வளர்ப்பு சும்மாவா" என்று சிரித்தான். "எப்படியும் ஊசி போட்டுக் கொல்லப்போறீங்க. எனக்குக் கொடுத்தா நாலு ஆட்டம் ஆடிட்டுச் சாகும்."

"வெளிய போடா."

அவன் இடுப்பிலிருந்து கம்பி வெட்டும் கத்தரியை எடுத்துப் பூட்டை நறுக்கினான். கிழிசல் அவனைக் கண்டதும் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. தரையோடு தரையாகப் படுத்துத் தண்ணீர் வாளிக்குப் பின்னால் தலையை ஒளித்தது. "எந்திரிடா" என்று சங்கிலியை வீசினான். முதுகில் விழுந்தது. இரண்டாவது வீச்சில் தோல் பிளந்தது.

மூன்றாவது வீச்சுக்குக் கை ஓங்கியபோது, பீ அள்ளும் மண்வெட்டி அவன் முழங்காலில் இறங்கியது. சின்னவள் ஒற்றைக் கையால்தான் வீசினாள். அவன் மண்டியிட்டு விழுந்து, திரும்பி, சங்கிலியால் அவள் முகத்தில் அடித்தான். கன்னம் பிளந்து ஒரு பல் வெளியே வந்தது. அவளைக் கீழே தள்ளிக் கட்டுப் போட்ட கையைச் செருப்புக் காலால் மிதித்தான். தையல் விட்டு ரத்தம் கொட்டியது. அவள் கைக்கெட்டிய தூரத்தில் கூண்டு கழுவும் குழாய் கிடந்தது. திருகைத் திறந்து, அதன் பித்தளை மூக்கை அவன் கண்ணருகே வைத்துப் பீய்ச்சினாள். மோட்டார் தண்ணீர், கொட்டகைச் சுவரின் காரையையே பெயர்க்கும் வேகம். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டான். அவள் எழுந்து அந்தப் பித்தளை மூக்காலேயே அவன் தோளிலும் முதுகிலும் மாறிமாறி அடித்தாள். ஆட்கள் ஓடிவந்து பிரித்தபோது, பிரிக்க வேண்டியிருந்தது அவளைத்தான்.

போலீஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா, அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் தன்னிடமிருந்த துணியால் அவள் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இந்த நாய் இனி ஒரு நாள்கூட இங்க இருக்கக் கூடாது" என்றார் மேனேஜர். "அவன் மறுபடி வருவான். சாயங்காலமே ஊசி போட்டுடுங்க டாக்டர்."

டாக்டரம்மா சின்னவளைப் பார்த்தார்.

"காகிதத்தை எடுங்க சார்" என்றாள் அவள், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போம்மா."

"போயிட்டு வந்தா அது இருக்காது. எடுங்க."

காகிதத்தை எடுத்தார்கள். அதிலிருந்ததை டாக்டரம்மா வரி விடாமல் உரக்கப் படித்தார். நாய் யாரைக் கடித்தாலும் தன்னுடைய பொறுப்பு. கூண்டுப் பூட்டு இல்லாமல் அதைத் தனியே விடக்கூடாது. கைமாற்றக் கூடாது, விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் சின்னவள் "சரி" என்றாள். "வீட்டுச் சொந்தக்காரர் சம்மதம் உண்டா?" என்ற இடத்தில் மட்டும், "அவருக்குக் காது கேக்காது, குரைச்சா என்ன குரைக்காட்டி என்ன" என்றாள். மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பேனாவை இடது கையில் பிடித்தாள். முதல் எழுத்து கோட்டுக்கு மேலே ஏறியது. இரண்டாவதன் கொம்பில் பேனா காகிதத்தைக் கிழித்தது. கன்னத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்து பக்கத்தில் பரவியது. அதை முழங்கையால் ஒதுக்கிவிட்டு மூன்றாவதை எழுதினாள், அதன் தலையில் புள்ளியையும் குத்தினாள். மேனேஜர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். அவள் பெயர்தான். முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு, கீழே தேதி போட்டார்: 2016 மே 17, செவ்வாய்க்கிழமை.