வலப்பக்கப் பாக்கெட்

அந்தத் தெருவில் தையல்காரரைப் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. 'சந்தேகம்' என்றால்தான் தெரியும். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்ன படம் வந்தாலும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முதலில் துணிமணியைத்தான் பார்ப்பார். நேற்றைய வெள்ளம் என்று ஒரு படம் வந்தால், "இந்த வெயில்ல எவன்யா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கிறான்? பழைய படம்!" என்று போட்டு உடைப்பார். யார் எடுத்தது, எப்போது, எதை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள் என்று அவர் குடைகிற குடைச்சலில் மருந்துக்கடைக்காரர் குழுவில் வாய் திறப்பதையே விட்டுவிட்டார். சொந்த மச்சான் வாழ்த்து அனுப்பினாலும் இரண்டு தடவை பார்க்கிற ஆள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அனுப்பினார். இருபது விநாடி வீடியோ. முகம் தெரியவில்லை. ஒருவர் இடது கையால் துணியை வெட்டி, ஒரு முழத் துண்டைச் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளுகிறார். 'வாடிக்கையாளர் துணியைத் திருடும் டெய்லர்' என்று கீழே எழுதியிருந்தது. தெருவில் இடது கையால் வெட்டுகிறவர் எதிர்க்கடைக்காரர் ஒருவர்தான். வந்த ஒரே வருடத்தில் பாதி வாடிக்கையை இழுத்துக்கொண்டவர். சந்தேகத்துக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. 'பார்த்துக்குங்க' என்று ஒரு வரி சேர்த்துத் தட்டிவிட்டார்.

பத்தே நாளில் எதிர்க்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மதியம், பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி அந்த வீடியோவைப் பார்த்தாள்.

"ஏங்க, இவன் சட்டையில பாக்கெட் வலப்பக்கம் இருக்கே. எவன் இப்படித் தைப்பான்?"

போனைப் பிடுங்கிப் பார்த்தார். பட்டனும் பக்கம் மாறித்தான் இருந்தது. யாரோ படத்தை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார்கள். அப்படியென்றால் வெட்டுவது வலது கை. எதிர்க்கடைக்காரரே இல்லை.

"முப்பது வருஷமா பாக்கெட் தைக்கிறேன். எப்படிக் கண்ணுல படாமப் போச்சு?"

"பட்டிருக்கும். நீங்கதான் பாக்கல" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருக்குச் சுருக்கென்றது. 'வீடியோ பொய். அது அவர் இல்லை. தப்பு என்னுடையது' என்று குழுவில் எழுதிவிட்டு, செருப்புகூட மாட்டாமல் எதிர்க்கடைக்கு ஓடினார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தையல் மிஷின் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

"தம்பி, இறக்கச் சொல்லுப்பா. குழுவுல உண்மையப் போட்டுட்டேன். எல்லாரும் பாப்பாங்க."

எதிர்க்கடைக்காரர் தன் போனை நீட்டினார். மருந்துக்கடைக்காரர் அதற்குள் பதில் போட்டிருந்தார்:

'வேற யார் அனுப்பியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம். சந்தேகமே அனுப்பிட்டாரேன்னுதான் நம்பினோம்.'